சுவருக்கு அந்தப்புறத்து வெளிச்சம்

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. தினமும் பதில் எழுத உட்கார்ந்து, மழை, அப்பாவின் முழங்கால் வலி, எதிர்வீட்டில் எழும்பும் மாடி என்று இரண்டு வரி எழுதிக் கிழித்துப் போட்டேன். நீ கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. நம் பழைய ஊரே மின்வாரியத்தில் உன் செக்‌ஷனில் வருகிறது என்பதால், தெற்குத் தெருவில் விளக்கு மங்கலாக எரிகிறது என்று வந்த புகாரைப் பார்க்க மீட்டரோடு போயிருக்கிறாய். காத்தமுத்து என்ற பெரியவர், "யாரு மகம்மா நீங்க?" என்று கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறாய். அவர் வலது காதில் கையைக் குவித்து இன்னொரு தரம் கேட்டுக்கொண்டு, "ஓ, அந்த லைன்மேன் மகளா? உங்க அப்பா பண்ணைகிட்ட நெல்லு வாங்கிக்கிட்டு எங்க லைட்டை மங்க வச்சாரு. நீங்க என்ன வாங்கப் போறீங்க?" என்றிருக்கிறார். தெருவே சிரித்தது என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்குத் தனியாக எழுதிக் கேட்டதற்கு, "பழைய கதை, வேலையைப் பார்" என்று அவர் ஒரு கார்டு போட்டாராம். அதனால் என்னைக் கேட்கிறாய்: அப்பா அப்படிச் செய்தாரா? செய்திருந்தால் அந்த ஊரில் உன்னால் வேலை பார்க்க முடியாது, மாறுதல் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறாய் என்கிறாய்.

அப்பா செய்யவில்லை. நான் செய்தேன். நெல்லுக்காகச் செய்யவில்லை, பொறாமையில் செய்தேன். இந்த இரண்டு வரியை எழுதத்தான் பதினோரு நாள் ஆயிற்று. மீதியை எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பொறாமை ஏதோ இள வயதில் வந்து போன காய்ச்சல் என்று நினைத்துவிடாதே. எனக்கு இன்னும் நாற்பத்தொன்று ஆகவில்லை. அது என்னோடுதான் இருக்கிறது. அந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நீ எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் பெரியம்மா வருகிறாள். பெரியம்மா மத்தியானத்துக்கு வாளைமீன் குழம்பு கொடுத்தனுப்பினாள், பெரியம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், பெரியம்மா நான் இளைத்துவிட்டேன் என்கிறாள். அந்த வரிகள் வந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறேன். உனக்கு இன்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைத்தபோதும் இதே பொறாமைதான். உன்னை விடுதியில் கொண்டுவிட நான் வரவில்லை, காய்ச்சல் என்றேன், ஞாபகம் இருக்கிறதா? அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள் நான். உன் பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருந்ததெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் நீ நடந்து போவதை வெளியே நின்று பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. அப்பாதான் உன்னை அழைத்துக்கொண்டு போனார்.

எப்படித் தெரியும் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் அப்பா கம்பம் நடும் கூலியாக இருந்தார். லைன்மேன் ஆக ஒரு பரீட்சை எழுத வேண்டும். அவர் ஐந்தாவது வரைதான் படித்தவர்; எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் தூங்கிவிடுவார். சிவப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை ஏழு மாதம் நான்தான் வாசித்துச் சொன்னேன். மேட்டூரில் நம் காவிரித் தண்ணீரே சுற்றிவிட்டு வரும் சக்கரத்தில் கரண்ட் பிறக்கிறது. தூரத்துக்கு அனுப்ப வேண்டுமானால் அழுத்தத்தை ஏற்றி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும், அப்போதுதான் வழியெல்லாம் கம்பி சூடாகி வீணாவது குறையும். ஊர்ப்பக்கம் வந்ததும் துணைமின் நிலையத்தில் ஒரு தரம், தெருமுனை ட்ரான்ஸ்பார்மரில் ஒரு தரம் அழுத்தத்தை இறக்கி வீட்டுக்குள் விட வேண்டும். அப்பா குறுக்கே கேட்பார். "அழுத்தம்ங்கிற, ஓட்டம்ங்கிற, ரெண்டும் ஒண்ணா?" "மதகுல தண்ணி எவ்வளவு ஒசரத்துல நிக்கிதோ அது அழுத்தங்க. வாய்க்கால்ல எவ்வளவு போவுதோ அது ஓட்டம்." "அப்ப தடை?" "வெங்காயத்தாமரை அடைச்சுக்கிட்டிருக்குல்ல, அதுதான்." அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாவற்றையும் வாய்க்கால் தண்ணீராகவே விளங்கிக்கொள்ள முடியும் என்று நம்பினேன். அதுதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

அப்பா தேறினார். சொந்த ஊரிலேயே லைன்மேன் ஆனார். நீ பிறந்தாய். பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஒரே ஓட்டு வீடு, நடுவில் ஒரு சுவர். செங்கல் போதாமல் சுவர் உத்தரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் கூரை மோடு வரைக்கும் வெறும் இடைவெளி. அந்தப் பாதியில் பெரியம்மா, இந்தப் பாதியில் நான். அவர்கள் வீட்டு விளக்கு வெள்ளையாக எரியும். நம் வீட்டு விளக்கு மஞ்சளாக, சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் உப்பு நார்த்தங்காய் நிறத்துக்கு இறங்கிவிடும். ஒரே கூரை, ஒரே கம்பம், இரண்டு நிறம்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். நானே வாசித்துச் சொன்னதுதான். ட்ரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸ் கம்பிகளும், மூன்றுக்கும் பொதுவாகத் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி ஒன்றும் தெருவில் வரும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அந்த மூன்றுக்கும் பெயர். ஒவ்வொரு வீட்டையும் மூன்றில் ஏதாவது ஒன்றில் கட்டுவார்கள். பண்ணை வீட்டு மின்விசிறிகளும் ரேடியோவும் சிவப்பிலும் மஞ்சளிலும் இருந்தன. நடுத்தெரு வீடுகளும் பெரும்பாலும் அவற்றில்தான்; சுமை ஏறிய பேஸில் விளக்கு மங்கும். நீலத்தில் அதிக வீடு இல்லை. கடைக்கோடி வரை அழுத்தம் குறையாமல் போகட்டும் என்று வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருந்தார்கள். அந்த வருடம்தான் குடிசைக்கு ஒரு விளக்கு என்று அரசாங்கம் தெற்குத் தெருவுக்கு லைன் இழுத்திருந்தது. செலவைப் பார்த்து, நீலமும் நியூட்ரலும் மட்டும் கடைசி வரை போயின. பெரியம்மா வீட்டு இணைப்பு அதற்கெல்லாம் முன்பே கொடுத்தது. தற்செயலாக நீலத்தில் விழுந்திருந்தது. நம் வீட்டை அப்பா தன் கையாலேயே சிவப்பில் கட்டினார். "லைன்மேன் வீடுன்னு நல்ல பேஸ்ல கட்டிக்கிட்டா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்? மூணும் சமமா இருக்கணும்னு நீதானே படிச்ச" என்றார்.

பெரியம்மாவின் வெளிச்சம் சுவருக்கு மேலே வழிந்து, நம் வீட்டு எதிர்ச்சுவரில் ஒரு பட்டையாக விழும். ஊர் நூலகத்தில் எடுத்து வந்த புத்தகங்களை நான் அந்தப் பட்டைக்குக் கீழே பாயைப் போட்டுத்தான் வாசித்தேன். என் விளக்கில் எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதைப் பெரியம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஆற்றங்கரையில் துணி துவைக்கும்போது எல்லோர் முன்னாலும், "எங்க வூட்டு வெளிச்சத்துலதான் எங்க கொழுந்தன் பொண்டாட்டிக்குப் படிப்பே நடக்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து, ஒரு பக்கத்தின் நடுவில் இருக்கிறேன், அந்தப்புறம் சுவிட்ச் சத்தம் கேட்டது. பட்டை மறைந்தது. சுவருக்கு மேலே குரல் வந்தது: "படிச்சு முடிச்சிட்டியா தங்கச்சி? தெரியாம அணைச்சிட்டேன். வேணும்னா சொல்லு, போடறேன்."

"வேணாம்க்கா."

"வேணும்னா கேளு. நமக்குள்ள என்ன."

அவள் நல்லவிதமாகத்தான் கேட்டிருப்பாள் என்று இன்று எனக்குப் படுகிறது. அன்று அந்த நல்லவிதத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த வாரம் அப்பா தஞ்சாவூருக்குப் பத்து நாள் பயிற்சிக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகப் பக்கத்து செக்‌ஷன் லைன்மேன் சந்தானம் வந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு காலை கம்பத்தடியில் அவரைப் பிடித்தேன். நீ என் இடுப்பில் இருந்தாய். "எங்க வூட்டு வயரை நீலத்துக்கு மாத்தச் சொன்னாருங்க" என்றேன்.

"அவரா சொன்னாரு?"

"ஆமாங்க. போறப்ப சொல்லிட்டுப் போனாரு."

"அவரு எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளாச்சே, பேஸ் விஷயத்துல" என்று சொல்லிக்கொண்டே ஏணியைச் சாத்தினார். ஐந்து நிமிட வேலை. அன்று சாயங்காலம் நம் வீட்டு விளக்கு, உரித்த வெங்காயம் மாதிரி எரிந்தது. எனக்குக் கொஞ்சமும் தேவையில்லாத ஒரு படி உப்பைக் கைமாற்றாகக் கேட்டுப் பெரியம்மாவை நம் பாதிக்கு வரவழைத்தேன். அவள் வாசற்படியிலேயே நின்று மேலே பார்த்தாள். "என்னடி, கல்யாண வூடு மாதிரி இருக்கு?" என்றாள். அந்த ஒரு கணம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அதற்குப் பிறகு அந்த அளவுக்கு எதுவும் இனிக்கவில்லை.

அவள் தெருவில் சொன்னாள். "லைன்மேன் வூட்டுக்கே மாத்திக்கிட்டாங்களாம், நமக்கு மாத்துனா என்ன?" என்று ஒவ்வொருவராகச் சந்தானத்தைப் பிடித்தார்கள். மூன்று நாளில் ஒன்பது வீடுகள் நீலத்துக்கு மாறின. வாய்க்காலில் மேல் மடைக்காரன் கூடுதலாகத் திறந்தால் கீழ் மடைக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். கரண்ட் அப்படி இல்லை. மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் பொதுக்கம்பியான நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றுமே ஓடாது. ஒன்றில் மட்டும் சுமை ஏறினால் மிச்சமெல்லாம் நியூட்ரல் வழியே திரும்ப வேண்டும். அந்தக் கம்பி மெலிந்ததும் துருப்பிடித்ததுமாக இருந்தால் சுமை ஏறிய பேஸில் அழுத்தம் விழும், சுமை குறைந்த பேஸ்களில் அழுத்தம் ஏறும். கீழ் வயல் காயும்போது யாரும் மடையைத் திறக்காமலே அடுத்த வாய்க்கால் நிரம்பி வழிவதை நம் பக்கத்தில் யாராவது கண்டிருக்கிறார்களா? அதுதான் நடந்தது. நீலத்தின் கடைக்கோடியில் இருந்த தெற்குத் தெருவில் விளக்குகள் பீடி நெருப்பு அளவுக்குச் சுருங்கின. அதே வாரம் பண்ணை வீட்டு விளக்குகள் என்றைக்கும் இல்லாதபடி பளீரென்று எரிந்தன.

அது எந்த வாரம் என்பதுதான் விஷயம். தை பிறந்து சம்பா அறுவடைக்கு நின்றது. உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணை தன் நிலத்தை யார் யார் பேரிலோ பிரித்து எழுதிவைத்திருந்தது. தெற்குத் தெருக்காரர்கள் கொடி கட்டி, அறுப்புக் கூலியை உயர்த்தாமல் வயலில் இறங்க மாட்டோம் என்றிருந்தார்கள். வெளியூர் ஆளைக் கொண்டுவருவோம் என்றது பண்ணை. தெற்குத் தெருவில் சாயங்காலம் ஒரு குடிசை வாசலில், அந்த ஒற்றை விளக்கின் கீழேதான் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். காத்தமுத்து பத்திரிகை வாசித்துச் சொல்வார். அப்போது அவருக்கு என் இப்போதைய வயதுதான் இருக்கும், இரண்டொன்று கூடுதலாக இருக்கலாம். அவர்கள் விளக்கு மங்க, பண்ணை விளக்கு பளிச்சிட்டால் யார்தான் என்ன நினைப்பார்கள்? அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

நான்காம் நாள் காலை அவர்கள் ட்ரான்ஸ்பார்மருக்கு வந்து ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி எடுத்துக்கொண்டார்கள். நம் வாசல் வழியாகத்தான் திரும்பிப் போனார்கள். காத்தமுத்து நம் வீட்டு முன்னால் நின்றார். "எங்களுக்கு வெளிச்சம் வர்ற வரைக்கும் ஊர்ல எவனுக்கும் வேணாம். லைன்மேன் வரட்டும், பண்ணை எவ்வளவு குடுத்தாங்கன்னு கேட்டுக்கிறோம்" என்றார். கோபத்தில்கூட ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். "பண்ணை இல்லீங்க, நான்தான் மாத்தச் சொன்னேன்" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஐந்தே சொற்கள். வாய்வரைக்கும் வந்தன. அடுத்த வாசலில் பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழும்படி அதைச் சொல்ல முடியவில்லை. வேறு எந்தக் காரணமும் இல்லை, மகளே. போலீசுக்குப் பயந்தேன், அப்பாவின் வேலைக்குப் பயந்தேன் என்று பிறகு எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிக்கொண்டேன். அவையெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டவை.

மத்தியானம் போலீஸ் வண்டி வந்து காத்தமுத்துவையும் இன்னும் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. அவர் வலது காதில் கையைக் குவித்துக் கேட்டார் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய். இடது காது போனது அந்த ஒன்பது நாளில்தான்.

அப்பா பயிற்சியிலிருந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் கம்பத்தில் ஏறினார். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு வயராகப் பின்தொடர்ந்து வந்த அவர் கண்கள், நம் வீட்டு வயரில் வந்து நின்றன. இறங்கி வந்து தண்ணீர் கேட்டார். குடித்தார். எல்லா வயரையும் பழையபடி மாற்றிக் கட்டினார். நம் வீட்டுடையதைக் கடைசியாக மாற்றினார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் மின்வாரிய விசாரணை. நான் ஜன்னலுக்கு வெளியே பெண்களோடு நின்றேன். சந்தானம், "அவரு மாத்தச் சொன்னதா அவரு வூட்டம்மா சொன்னாங்கய்யா, அதனாலதான் மாத்துனேன்" என்றார். அதிகாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா, "ஆமாங்கய்யா. நான்தான் சொல்லிட்டுப் போனேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அவருக்கு மாறுதல் போட்டார்கள், இந்தத் தரங்கம்பாடிக்கு. வருடாந்தர உயர்வையும் நிறுத்திவைத்தார்கள். பண்ணை வீட்டிலிருந்து நெல் மூட்டை வந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லவும் அதற்குள் ஆள் வந்துவிட்டது. இங்கே வந்த முதல் நாள், உப்புக்காற்றில் பச்சை பூத்த கம்பிகளைப் பார்த்துக்கொண்டே அப்பா வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தார். ஏணியில் நின்றபடி கீழே பார்த்து, "இங்க எது நல்ல பேஸுன்னு நீயே பாத்துச் சொல்லிடு" என்றார். குத்திக்காட்டவில்லை, சிரித்தார். இருபத்தொரு வருடத்தில் அவர் சொன்னது அது ஒன்றுதான். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். சொல்லவே கூடாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அன்று எனக்கு வந்தது நன்றி இல்லை. இவரால் மட்டும் எப்படி இவ்வளவு லேசாக நல்லவராக இருக்க முடிகிறது என்ற பொறாமைதான்.

மாறுதல் கேட்காதே. உன் அப்பாவின் பெயர் அந்தத் தெருவில் அழுக்காகக் கிடக்கிறது என்பதற்காக நீ ஓட வேண்டியதில்லை, அழுக்காக்கியவள் இருக்கிறேன். புகாரைப் பார்க்கப் போனால் யார் செய்தது என்று கேட்பதற்கு முன்னால் மூன்று பேஸையும், மறக்காமல் நியூட்ரலையும் அளந்து பார். முடிந்தால் லைன்மேன் வீட்டிலிருந்து ஆரம்பி. அந்தக் கடைசிக் கம்பம் வரைக்கும் இன்றும் ஒரே பேஸ்தான் போகிறதா என்று முதலில் பார். போனால், மற்ற இரண்டையும் இழுக்க எழுதிப் போடு. அம்மா சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. இருந்தாலும் நான் சொன்னதாக இருக்கட்டும்.

இதுவரை எழுதியதை நேற்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை வாசித்த மாதிரியே. தூங்காமல் கேட்டார். முடிந்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஒரு எடத்துல தப்பா எழுதியிருக்க" என்றார். "ஒம்போது வூடு இல்ல. பதினொண்ணு. நான்தானே மாத்திக் கட்டுனேன், எனக்குத் தெரியாதா? நம்மளோட பன்னெண்டு." அடித்துத் திருத்த மனம் வரவில்லை. மேலே ஒன்பது என்றே இருக்கட்டும். எத்தனை என்றுகூட எனக்குத் தெரியாமல்தான் செய்திருக்கிறேன் என்பதற்கு அது சாட்சி.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் எழுதியதில்லை. கடிதங்களைத் தவிர நான் எழுதியது எதையும் நேற்று வரை யாருக்கும் காட்டியதில்லை. இதை எல்லோரும் கேட்க வேண்டும். ஆனால் தெற்குத் தெருவில் நீ வாசித்துக் காட்டாதே. நீ வாசித்தால் அவர்கள் ஜீப்பில் வரும் இன்ஜினீயரம்மாவின் குரலைத்தான் கேட்பார்கள், எவ்வளவு நன்றாகப் படிக்கிறது பார் என்பார்கள். அதையும் உனக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இதன் நகல் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அப்பாவோடு வருகிறேன். காத்தமுத்துவிடம் சொல்லிவை. தெருவில் இருக்கிறவர்களும் கூடட்டும். நான் அவருக்கு வலது பக்கம் நின்று வாசிப்பேன். அதன் பிறகு அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

பெரியம்மாவையும் அழைத்து வா. முன்வரிசையில் நிற்கச் சொல். அன்று மத்தியானத்துக்கு உனக்குக் குழம்பு வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடு. நான் கொண்டு வருகிறேன்.